கண்ணுக்குப் பச்சை வேண்டும்

அந்தச் சோப்புத் தொழிற்சாலையில் நர்ஸம்மாவுக்கு மழைக்காரி என்று இன்னொரு பெயரும் இருந்தது. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிடாதவர்களும் இல்லை.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். கொப்பரைக் கூடத்துக்கும் பேக்கிங் பகுதிக்கும் நடுவே, சுவரை ஒட்டி, பெரிய பூவாளித் தலை மாதிரி ஒரு குழாய் மேலிருந்து தொங்கும். பக்கத்தில் சங்கிலி, சங்கிலி நுனியில் கைப்பிடி. மேலே காரமோ அமிலமோ கொட்டிக்கொண்டவர்கள் ஓடிவந்து இழுத்தால் தலையோடு தண்ணீர் கொட்டும். அதற்குக் கீழேயே கண் கழுவ, இழுத்து நீட்டக்கூடிய ஒரு சின்ன ரப்பர்க் குழாய். வாராவாரம் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு நர்ஸம்மா ஒரு கையில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்தச் சங்கிலியை இழுப்பாள். துருத் தண்ணீர் போய் நல்ல தண்ணீர் வரும்வரை நிற்பாள். பதினோரு வருஷத்தில் ஒரு திங்கள்கூடத் தவறியதில்லை. அந்தப் பதினோரு வருஷத்தில் நிஜமான அவசரத்தோடு யாரும் அந்தக் குழாய்க்குக் கீழே நின்றதும் இல்லை. காய்ச்சல் மாத்திரை, விரலுக்குப் பிளாஸ்திரி, வயிற்றுவலிக்கு ஒரு மூடி மருந்து. அவள் உத்தியோகம் அவ்வளவில் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வாராந்திர மழையால் நொந்துபோனவள் பேக்கிங் பகுதியின் தலைவி. வேறு யாருமில்லை, நர்ஸம்மாவின் நாத்தனார், கணவனுடைய சொந்தத் தங்கை. நாத்தனாரின் கணவர் அதே தொழிற்சாலையில் சோப்புக் காய்ச்சுகிறவர். கொப்பரைக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இப்படி ஒரே குடும்பத்தில் மூன்று பேர் ஒரே கூரைக்கு அடியில். வீட்டுச் சண்டை தொழிற்சாலைக்கு வரும், தொழிற்சாலைச் சண்டை சாயங்காலம் வீட்டுக்குப் போகும். போகவர அதற்குக் கால் வலித்ததே இல்லை.

"அண்ணி, பொழுது போகலைன்னா வந்து பெட்டி ஒட்டுங்க. எதுக்கு என் சரக்கை நனைக்கிறீங்க?"

"உன் சரக்கை எதுக்குக் குழாய்க்குக் கீழே அடுக்குறே?"

"அங்கதானே இடம் இருக்கு!"

"அது இடம் இல்லடி, வழி."

"பதினோரு வருஷமா ஒரு ஆள் போகாத வழி. இந்த வேலையை உங்களுக்கு வாங்கிக் கொடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்."

நர்ஸம்மா பெட்டிகளை நகர்த்தச் சொல்வாள். திங்களன்று நகரும். செவ்வாயன்று ஒன்றிரண்டு திரும்பி வரும். புதன்கிழமைக்குள் சோப்புத் தூள் பெட்டிகள் தோள் உயரத்துக்கு எழுந்து நிற்கும்.

அது ஒரு புதன்கிழமை. நடுவில் கொஞ்சம் பதறும், மனசைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

காலை பதினொன்றே கால் இருக்கும். நர்ஸம்மா தன் அறையில் பஞ்சைச் சுருட்டி ஜாடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கொப்பரைக்காரர் சாவகாசமாக உள்ளே வந்தார். இடது கண்ணைச் சட்டைக் கையால் அழுத்தியிருந்தார்.

"தங்கச்சி, கொஞ்சம் பஞ்சு குடேன். கண்ணுல சோப்பு தெறிச்சிருச்சு. எரியுது."

சோப்புக் கம்பெனிக்காரர்களுக்குக் கண்ணில் சோப்பு விழுவது தினம் நடக்கிற சங்கதி. தரை வழுக்கும், கைப்பிடி வழுக்கும், சம்பளக் கவர்கூட வழுக்கும். கண் எரிந்தால் துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அவரும் துடைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"எந்தக் கொப்பரையில இருந்து அண்ணா?"

"கொப்பரை இல்ல. கரைக்கிற தொட்டி. ஒரு கட்டி சரிஞ்சு விழுந்து தெறிச்சுது."

கரைக்கிற தொட்டி! அதில் சோப்பு ஏது? காஸ்டிக் சோடாவும் தண்ணீரும்தான். எண்ணெயைச் சோப்பாக்குகிற காரம் அது. தோலில் பட்டால் தோலையும் அப்படித்தான் கரைக்கும். நர்ஸம்மா கையுறையை மாட்டிக்கொண்டு அவர் கழுத்தைத் தொட்டாள். விரல் வழுவழுவென்று நழுவியது. பாதுகாப்புக் கண்ணாடி நெற்றியில் ஏறி உட்கார்ந்திருந்தது. ஆவியில் மங்குகிறது என்று மேலே தள்ளியிருப்பார்.

"எவ்வளவு நேரமாச்சு?"

"இப்பத்தான். ரெண்டு நிமிஷம் இருக்கும். ஏன், கழுத்துல வலிக்கக்கூட இல்லையே?"

நர்ஸம்மா உடனே அவர் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். ஆள் இரண்டு மடங்கு பாரம், அவளோ ஒல்லி. ஆனாலும் இழுத்த இழுப்பில் மனிதர் செருப்பை அறையிலேயே விட்டுவிட்டு வந்தார். குழாய் இருபது எட்டில் இருந்தது. அதற்குக் கீழே, தோள் உயரத்துக்கு நாத்தனாரின் பெட்டிகள்.

தோளைக் கொடுத்து ஒரே தள்ளு. அடுக்கு முழுக்கச் சரிந்து உடைந்தது. பத்துப் பன்னிரண்டு பெட்டி வாயைப் பிளந்து வெள்ளைத் தூளைக் கொட்டின. நர்ஸம்மா அவற்றைக் காலால் எத்தி ஒதுக்கி, அவரை நடுவில் நிறுத்திச் சங்கிலியை இழுத்தாள்.

பதினோரு வருஷத் திங்கட்கிழமைகளும் சேர்ந்து கொட்டியது மாதிரி கொட்டியது தண்ணீர். மாடித் தொட்டியில் வெயில் பட்ட தண்ணீர், நல்லவேளையாக ரொம்பக் குளிரவில்லை.

இடுப்புக் கத்தரியால் சட்டையை முதுகுப்பக்கம் கீறி எடுத்தாள். தலை வழியாகக் கழற்றினால் காரம் முகத்தில் ஏறும். பிறகு அவரைக் குனியவைத்து, இடது கண் கீழேயும் வலது கண் மேலேயும் இருக்கும்படி தலையைச் சாய்த்துக் கண் குழாயைத் திறந்தாள். கழுவிய தண்ணீர் நல்ல கண்ணுக்குள் போய்விடக்கூடாது அல்லவா? அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். இமைகளை அவள் விரலால் பிரித்துப் பிடித்தாள். கண் ரத்தமாகச் சிவந்து கிடந்தது. கருவிழியின் ஓரத்தில் லேசாகப் பால் படிந்த மாதிரி ஒரு மங்கல். 

"அண்ணா, மேல பாருங்க. கீழ பாருங்க. சுத்திச் சுத்திப் பாருங்க. மூடக்கூடாது."

"மூடாம எப்படி தங்கச்சி, மீனா நான்?"

பேச்சு குறையவில்லை என்பதில் அவளுக்கு ஒரு தெம்பு.

சோதனைக் கூடத்துப் பெண் வாசலில் உறைந்து நின்றாள். "ஆம்புலன்ஸுக்குப் போன் போடு. கண்ணுல காஸ்டிக், கழுவிக்கிட்டு இருக்கோம்னு சொல்லு. அப்படியே உன் காரம் பாக்கிற காகித டப்பாவைக் கொண்டா," என்றாள் நர்ஸம்மா. பெண் ஓடினாள். கொப்பரைக் கூடத்திலிருந்து ஒருவர் வினிகர் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். தரையில் காரம் சிந்தினால் அவர்கள் அதைத்தான் ஊற்றுவார்கள்.

"இதை ஊத்துனா காரம் முறிஞ்சிரும் நர்ஸம்மா!"

"முறியும்போது கொதிக்கும். அது தரைக்குத் தாங்கும். இவர் தரை இல்லப்பா, கொண்டுபோய் வை."

அதற்குள் கூடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நாத்தனார் பேக்கிங் தொப்பியோடு ஓடிவந்தாள். சிந்திய தூளில் தண்ணீர் பாய்ந்து நுரை கணுக்காலுக்கு எழும்பியிருந்தது. அதை மிதித்து, வழுக்கி, சுவரைப் பிடித்து வந்து நின்றாள். பின்னாலேயே மானேஜர், கையில் கார் சாவி.

"ஐயோ, என்னாச்சுங்க! கண்ணுக்கு என்னாச்சு! ஏன் இன்னும் இங்க நிக்கிறாரு?"

"கழுவணும். ஒரு மணி நேரமாவது கழுவணும்," என்றாள் நர்ஸம்மா.

"ஒரு மணி நேரமா? கார் வாசல்ல நிக்குதும்மா," என்றார் மானேஜர். "பத்து நிமிஷத்துல ஆஸ்பத்திரி."

"அந்தப் பத்து நிமிஷமும் காரம் உள்ள அரிச்சுக்கிட்டே இருக்கும் சார். ஆஸ்பத்திரியிலயும் முதல்ல கழுவத்தான் செய்வாங்க. ஆம்புலன்ஸ் வருது, அதுல போனா வழியிலயும் கழுவலாம்."

நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "ஊசி போடத் தெரியலை, மருந்து குடுக்கத் தெரியலை, பச்சைத் தண்ணியை ஊத்திக்கிட்டு நிக்கிறீங்களே! இதுக்கா நர்ஸுக்குப் படிச்சீங்க? உங்க அண்ணனா இருந்தா இப்படி நிக்க வைப்பீங்களா? அவருக்குக் கண்ணு போச்சுன்னா ஜென்மத்துக்கும் உங்க முகத்துல முழிக்கமாட்டேன், சொல்லிட்டேன்!"

நர்ஸம்மாவுக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி வந்து இருபத்திரண்டு வருஷம். அந்த வீட்டில் அவளைத் 'தங்கச்சி' என்று வாய் நிறையக் கூப்பிட்ட முதல் ஆள் இந்த மனிதர்தான். ஒருவேளை தான் சொல்வது தவறாக இருந்தால்? பயிற்சியில் படித்தது, எழுதி வைத்தது, திங்கள்தோறும் ஒத்திகை பார்த்தது, அவ்வளவுதான். இந்தக் கையால் ஒரு கண்ணையாவது காப்பாற்றியிருக்கிறாளா? இடுப்பில் செருகியிருந்த கத்தரியைவிட அந்தக் கேள்விதான் கூர்மையாக இருந்தது. உன் பெட்டிகளால்தான் இவருக்கு நேரம் போனது என்று ஒரு வார்த்தை சொன்னால் நாத்தனார் வாய் அடைந்துவிடும். நாக்கு நுனிவரை வந்தது. அவள் கணவர் காது கேட்க அவளை நொறுக்கி இப்போது என்ன ஆகப்போகிறது? விழுங்கிக்கொண்டாள்.

காகித டப்பா வந்தது. இந்தக் காகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். ஒவ்வொரு கொப்பரையிலும் காரம் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க அதைத்தான் நனைப்பார்கள். கருநீலமாக மாறினால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். வெளிர்நீலம் வந்தால் பாஸ், பேக்கிங்குக்கு அனுப்பலாம். நாத்தனார் அந்தக் காகிதத்தைப் பார்க்காமல் ஒரு பெட்டியைக்கூட ஒட்டவிட்டதில்லை. யார் சொன்னாலும் நம்பமாட்டாள், காகிதம் சொன்னால் நம்புவாள்.

நர்ஸம்மா குழாயை ஒரு நொடி நிறுத்தி, கீழிமைக்கு உள்பக்கம் ஒரு துண்டை ஒற்றி எடுத்தாள். தான் பார்க்காமல் நாத்தனாரிடம் நீட்டினாள்.

"நீயே படிச்சுச் சொல்லு."

நாத்தனாருக்குக் கிட்டப் பார்வை சரியில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் செய்த மூக்குக்கண்ணாடி கூடோடு அலமாரியில் தூங்குகிறது. போட்டால் கிழவி மாதிரி இருக்கிறதாம். சாயங்காலம் செய்தித்தாளைக் கணவர்தான் வாசித்துக் காட்டவேண்டும். அவள் காகிதத்தைக் கை எட்டுமட்டும் நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். நிறம் பார்க்கக் கண்ணாடி எதற்கு?

கருநீலம். மையில் முக்கி எடுத்த மாதிரி.

"இது... வேகாத சரக்கு அண்ணி," என்றாள். குரல் இறங்கிவிட்டது. "கொப்பரையில இருக்கிற மாதிரியே இருக்கு. இது அவரு கண்ணுக்குள்ளயா?"

"அதைத்தான் வெளிய எடுத்துக்கிட்டு இருக்கேன்."

நாத்தனார் தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீருக்குள் வந்து நின்று, கணவரின் தலையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்தாள்.

சைரன் கேட்டபோது கூடத்தில் எல்லோருக்கும் உயிர் வந்தது. பச்சை உடுப்புப் போட்ட பெண் ஒருத்தி பெட்டியோடு இறங்கி வந்தாள். நுரை முழங்காலுக்கு வந்திருந்தது. வாசலில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிவந்த டிரைவர், "இது சோப்புக் கம்பெனியா, மேகமா?" என்றார். அந்தப் பெண் நேராக வந்து கேட்ட முதல் கேள்வி: "எத்தனை நிமிஷமா ஓடுது தண்ணி?"

"இருபத்தேழு."

"காகிதம்?"

"முதல்ல கருநீலம். இப்ப நீலம்."

"ரொம்ப நல்லது. ஓடட்டும்," என்று அவள் பெட்டியை ஓரமாக வைத்தாள். கண் மரத்துப்போக இரண்டு சொட்டு மருந்து விட்டாள், அவருக்கு முனகல் அடங்கியது. உடம்பில் காரம் போய்விட்டதா என்று கழுத்தையும் தோளையும் பார்த்து, அவரை நாற்காலிக்கு மாற்றிப் போர்வை போர்த்தி, கண்ணுக்கு மட்டும் குழாயை நீட்டினார்கள்.

மானேஜர் வாயைத் திறந்தார். "ஆம்புலன்ஸே வந்தாச்சு, இன்னும் ஏன்..."

"சார், சும்மா இருங்க," என்றாள் நாத்தனார். "காகிதம் பாஸாகாம ஒருத்தரும் அவரைத் தொடக்கூடாது." பேக்கிங் பகுதியில் போடுகிற அதே அதட்டல். ஆம்புலன்ஸ் டிரைவர்கூட ஒரு அடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

நாற்பதாவது நிமிஷம் அவளே ஒரு துண்டை வாங்கி ஒற்றினாள். தூக்கிப் பிடித்தாள். முகம் மலர்ந்தது.

"வெளிர்நீலம்! பாஸ்! பாஸ் ஆயிடுச்சு! ஏத்துங்க அவரை!"

கூடம் முழுக்கக் கைதட்டியது. மானேஜர் கார் சாவியால் மேஜையில் தாளம் போட்டார். கொப்பரைக்காரர் பல் கிடுகிடுக்க, "அப்பாடா, என்னை எந்தப் பெட்டியில ஒட்டப்போறே?" என்று எழுந்தார்.

நர்ஸம்மா அவர் தோளை அமுக்கி உட்காரவைத்தாள்.

"சோப்புக்குத்தான் அது பாஸ். கண்ணுக்கு இல்ல. காரம் துளியும் மிச்சம் இருக்கக்கூடாது, கண்ணுக்குப் பச்சை வேணும்."

கைதட்டல் நின்றது. இத்தனை வருஷமாக வெளிர்நீலத்தைப் பார்த்துப் பார்த்து 'சரி' என்று தலையாட்டிய கூட்டம் அது. அந்த நிறத்தைத் தவறு என்று சொன்னால் ஒப்புக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும்? நாத்தனார் காகிதத்தைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். நடுங்கிக்கொண்டிருந்தார், உதடு வெளுத்திருந்தது.

"அண்ணி, அவருக்குக் குளிருது."

"தெரியும்மா."

"பச்சை வருமா?"

"வரும்."

"நிஜமா?"

நர்ஸம்மாவுக்கு உள்ளுக்குள் உறுதி இல்லை. இருந்தாலும், "வரும்வரைக்கும் நிக்கலாம்," என்றாள்.

நாத்தனார் பிறகு நர்ஸம்மாவின் கையிலிருந்து குழாயை வாங்கிக்கொண்டாள். "நீங்க இமையைப் பிடிங்க. உங்க கை ஓய்ஞ்சிருச்சு, தண்ணி அங்கயும் இங்கயும் போகுது. நான் பிடிக்கிறேன். யாராவது இன்னொரு போர்வை கொண்டாங்க! வேடிக்கை பாக்கிறதுக்கா சம்பளம்?" போர்வை மூன்று வந்தது.

"ஏங்க, நேத்துப் பேப்பர்ல அந்தக் கோழிக் கேஸு என்னாச்சு? பாதியில தூங்கிட்டீங்க," என்றாள்.

"கோழியைத் திருடுனவனே போலீஸுக்குப் போன் பண்ணி, கோழி முட்டை போடலைன்னு புகார் குடுத்திருக்கான்," என்றார் அவர், பல் தந்தியடிக்க. ஆம்புலன்ஸ் பெண் சிரித்துவிட்டாள். அவர் ஒரு கண்ணைத் திறந்தபடி கோழிக் கதையை முழுக்கச் சொல்லிமுடித்தார். தண்ணீர் ஓடியது.

அறுபத்தைந்தாவது நிமிஷம் பச்சை வந்தது. நாத்தனார் துள்ளப் போனாள். "இருங்க. அஞ்சு நிமிஷம் நிறுத்திட்டு மறுபடி பாக்கணும். உள்ள ஒளிஞ்சிருந்தா திரும்ப ஊறி வரும்," என்றாள் ஆம்புலன்ஸ் பெண். அந்த ஐந்து நிமிஷம் கூடத்தில் கடிகாரத்தைத் தவிர யாரும் அசையவில்லை. மறுபடி ஒற்றினார்கள். இளந்தளிர்ப் பச்சை. அப்படியே நின்றது.

நாத்தனார் அந்தத் துண்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வண்டியில் ஏற்றி, உப்புநீர்ப் பையைத் தொங்கவிட்டு, கண்ணில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போனார்கள்.

ஆஸ்பத்திரி நடையில் இரண்டு பெண்களும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். இருவர் காலடியிலும் சின்னக் குளம். எழுந்து நடந்தால் செருப்புக்குள் நுரை. கண் டாக்டர் வெளியே வந்து, மேல்தோல்தான் புண்ணாகியிருக்கிறது, அந்த மங்கல் தெளிந்துகொண்டு வருகிறது, பார்வைக்கு ஆபத்தில்லை, ஒன்பது நாள் கட்டு இருக்கட்டும் என்றார். கழுத்தில் சின்னத் தழும்பு நிற்கலாமாம். "கழுத்தை யாரு பாக்கப்போறா," என்றாள் நாத்தனார்.

டாக்டர் போனதும் அவள் சட்டைப் பையிலிருந்து அந்தப் பச்சைத் துண்டை எடுத்துப் பார்த்தாள்.

"பெட்டி எத்தனை உயரம் இருந்துச்சு அண்ணி?"

"எந்தப் பெட்டி?"

"நடிக்காதீங்க. நான்தானே அடுக்கச் சொன்னேன். காலையில, நானே."

"நகர்த்துறதுக்கு எனக்கு ஒரு தள்ளு போதுமா இருந்துச்சு. விடு."

"அங்க நான் கத்துனப்ப ஏன் சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் செத்திருப்பேன்."

"அதனாலதான் சொல்லலை. அவரு தலையைப் பிடிக்க எனக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது."

நாத்தனார் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "உங்களை மழைக்காரின்னு முதல்ல சொன்னதும் நான்தான்," என்றாள்.

"அது எனக்குப் பத்து வருஷமா தெரியுமேடி."

அடுத்த திங்கட்கிழமை எட்டரைக்கு நர்ஸம்மா குடையோடு வந்தபோது குழாய்க்குக் கீழே தரை காலியாக இருந்தது. சுற்றி மஞ்சள் வண்ணத்தில் ஒரு கட்டம், ஓரங்கள் கோணல்மாணலாக. உள்ளே நாத்தனார் சங்கிலியைப் பிடித்தபடி நின்றாள். "ரெண்டு நிமிஷம் லேட்டு," என்று சொல்லி, அண்ணி குடையை விரிக்கும் முன்பே இழுத்துவிட்டாள். இருவரும் தொப்பலாக நனைந்தார்கள்.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் கட்டைப் பிரிக்க நர்ஸம்மா அவர்கள் வீட்டுக்குப் போனாள். இந்த ஒன்பது நாளும் செய்தித்தாளை வாசித்துக் காட்டியது யார் என்று நினைக்கிறீர்கள்? நாத்தனார்தான், எழுத்துக்கூட்டி, தப்பும் தவறுமாக. பஞ்சை எடுத்ததும் அவர் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டித் திறந்தார். வலது கண்ணை உள்ளங்கையால் மூடச் சொன்னாள் நர்ஸம்மா. எதிரே மனைவி, பேப்பரும் கையுமாக, மூச்சு விடாமல்.

அவர் இடது கண்ணால் அவளையே உற்றுப் பார்த்தார்.

"என்னங்க, தெரியுதா? எதாவது சொல்லுங்களேன்!"

"தெரியுது. ஆனா இது யாரு தங்கச்சி, மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டு நம்ம வீட்டுல ஒரு டீச்சரம்மா?"

நாத்தனார் கண்ணாடியை வெடுக்கென்று கழற்றப் போனாள். நர்ஸம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும்டி, நல்லாத்தான் இருக்கு."

"கிண்டல் பண்றதைப் பாத்தீங்களா அண்ணி? அடுத்த தடவை இவருக்கு வெளிர்நீலமே போதும்," என்று சொல்லிவிட்டு, அவள் பேப்பரை அவர் மடியில் போட்டாள். கண்ணாடியைக் கழற்றவில்லை. "வாசிங்க. ஒன்பது நாளா எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு."

அவர் பேப்பரைத் தூக்கிப் பிடித்து, இடது கண்ணாலேயே, முதல் பக்கத்தின் மேல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.